கால் சென்டரில் சேரும் இளையவர்கள் கோடை முடிவதற்குள் போய்விடுகிறார்கள்: எதை மாற்றுவது?

கேள்வி: அம்பத்தூர்_மேலாளர்

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 140 இருக்கைகள் கொண்ட வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் தள மேலாளராக இருக்கிறேன். வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக ஐந்து மொழிகளில் அழைப்புகளை எடுக்கிறோம். ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும்தான் பெரும்பாலான புகார்கள் என்பதால், பங்குனி பிறந்துவிட்டால் கூட்டம் தொடங்கிவிடும்; அக்னி நட்சத்திரம் முடியும்வரை தளத்தில் யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது.

அந்தக் கோடைக்காகவே பிப்ரவரியில் 24 பேரை எடுத்தோம். எல்லாரும் 19 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்கள். பெரும்பாலோர் திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள். மூன்று வார வகுப்பும், மேற்பார்வையில் உண்மையான அழைப்புகளை எடுத்துப் பழகும் இரண்டு வார நெஸ்டிங்கும் முடித்து அவர்கள் தளத்துக்கு வந்தபோது, இத்தனை நல்ல பேட்ச் கிடைத்துப் பல வருடங்கள் ஆகின்றன என்று நானே மகிழ்ந்தேன். ஜூன் முதல் வாரத்தில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர்தான் மிச்சம். ஒருவர் மதிய உணவுக்கு எழுந்தவர், ஹெட்செட்டின் ஒயரை ஒழுங்காகச் சுருட்டி விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டு அப்படியே ரயிலேறிவிட்டார். இன்னொருவர், "அக்கா, நாளையிலிருந்து வர முடியாது, மன்னிச்சிடுங்க" என்று வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினார். முறைப்படி விலகல் படிவம் நிரப்பிய ஏழு பேரும் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்றே எழுதியிருக்கிறார்கள்.

நானும் 2006-இல் ஏஜென்ட்டாகச் சேர்ந்தவள்தான். இரவு ஷிஃப்ட்டில் அமெரிக்க அழைப்புகள் எடுத்தேன். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து படுத்தால் பகல் வெளிச்சத்தில் தூக்கம் வராது. அப்படியும் நான்கு ஆண்டுகள் ஓட்டினேன். இவர்களால் நான்கு மாதம்கூடத் தாங்க முடியவில்லையே என்ற எரிச்சல் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பீட்சா, மாதத்தின் நட்சத்திரம், விடுப்பு எடுக்காதவர்களுக்குப் பரிசு என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். பீட்சாவைச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமையே இரண்டு பேர் வேலையை விட்டு நின்றார்கள். தொடக்கச் சம்பளம் 16,000 ரூபாய். அதை உயர்த்தும் அதிகாரம் என்னிடம் இல்லை. அதைத் தவிர்த்து, என் கைக்குள் இருப்பவற்றில் எதை மாற்றினால் இவர்கள் தங்குவார்கள் என்று இதே துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: ரோஸ்டர்_கணக்கன்

மேடம், வணக்கம். பதினோரு வருடங்களாக ரோஸ்டர் (யாருக்கு எந்த நாளில் எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை) போடுகிறவன் என்ற முறையில், இதைத் தலைமுறைக் கோளாறு என்று முடிவுகட்டும் முன் ஒரு சிறிய கணக்கைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசி வரிசைக்கான கணக்கை டென்மார்க்கைச் சேர்ந்த கணித வல்லுநர் எர்லாங் 1917-லேயே எழுதி வைத்துவிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு அடியில் ஓடுவதும் அதுதான்.

உங்கள் மொழி வரிசைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 120 அழைப்புகள் வருகின்றன, ஓர் அழைப்பை முடித்துப் பதிவும் செய்ய ஐந்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அப்படியானால் எந்த நேரத்திலும் சராசரியாகப் பத்துப் பேருக்கு முழு வேலை இருக்கிறது. நூற்றுக்கு எண்பது அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையை நிறைவேற்ற 14 பேர் உட்கார வேண்டும். 14 பேர் இருந்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 87 அழைப்புகளை அந்த 20 விநாடிக்குள் எடுத்துவிடலாம். அப்போது ஓர் ஏஜென்ட்டுக்கு ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் சராசரியாக இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் தண்ணீர் குடிப்பார், பக்கத்து இருக்கையில் ஒரு வார்த்தை பேசுவார், திட்டு வாங்கியிருந்தால் மூச்சை இழுத்து விடுவார்.

மூன்று பேர் நின்றுவிட்டார்கள் என்று வையுங்கள். 11 பேர் இருக்கும்போது அந்த இடைவெளி அரை நிமிடமாகச் சுருங்கிவிடும். 87 என்பது 36-க்கு இறங்கிவிடும். ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம் குறைந்ததற்கு, மிச்சமிருப்பவர்களின் ஓய்வில் முக்கால் பங்கு போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வரிசை நேர்கோட்டில் கெடுவதில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் சரிந்து விழுகிறது. இதோடு, போனவர்களின் இடத்துக்கு வந்த புதியவர்களால் ஐந்து நிமிட அழைப்பு ஐந்தரை நிமிடமாக நீண்டால் வேலை பத்து ஆளிலிருந்து பதினோரு ஆளாகிவிடும். பதினோரு பேருக்குப் பதினோரு பேர் வேலை என்றால், காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் சலித்துப்போய் வைத்தால் ஒழிய அந்த வரிசை கரையவே கரையாது.

அந்த நேரத்தில் திரையில் சிவப்பைப் பார்க்கும் மேலாளர் என்ன செய்வார்? பிரேக்கைத் தள்ளிப்போடுவார், வீக் ஆஃபை ரத்து செய்வார், கட்டாய ஓ.டி. போடுவார், ஏ.எச்.டி.யைக் (ஓர் அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரம்) குறையுங்கள் என்று தளத்தில் நடந்தபடியே குரல் கொடுப்பார். நானும் அந்த ரோஸ்டர்களைப் போட்டிருக்கிறேன். அதைத் தாங்காமல் அடுத்த இரண்டு பேர் நிற்பார்கள். உங்கள் 24 பேரில் முதலில் நின்ற நான்கு ஐந்து பேரின் காரணம் வேறாக இருக்கலாம். பின்னால் நின்றவர்களை விரட்டியது முன்னால் நின்றவர்கள் விட்டுச்சென்ற வேலைதான் என்பது என் கணிப்பு. எந்தத் தேதியில், எந்த மொழி வரிசையில் யார் நின்றார்கள் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். தேதிகள் கொத்துக் கொத்தாக விழுந்திருந்தால் நான் சொல்வது சரி. சிறிய மொழி வரிசைகளை முதலில் பாருங்கள், அங்கே ஓர் ஆள் குறைந்தாலும் தாங்காது.

பதில் 2: ஹெட்செட்_இறக்கியவள்

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வேறொரு மையத்தில் எட்டு மாதம் வேலை செய்து, 22 வயதில் நின்றவள். பெயர் வேண்டாம், அந்த நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

அக்கா, 'சொந்தக் காரணம்' என்று நானும்தான் எழுதினேன். சேரும்போது என் பட்டப்படிப்புச் சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டும், அனுபவச் சான்றிதழ் வேண்டும், கடைசி மாதச் சம்பளம் வர வேண்டும். இந்த மூன்றும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களிடமே படிவத்தை நீட்டி உண்மையை எழுதச் சொன்னால் யார் எழுதுவார்கள்? உங்களிடம் இருக்கும் ஏழு படிவங்களும் உங்களுக்கு எதையும் சொல்லப்போவதில்லை.

உண்மையான காரணங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மே மாதத்தில் ஒரு மதியம், ஃப்ரிட்ஜ் பழுதாகி ஒன்பது நாளாகக் காத்திருந்த ஒருவரின் அழைப்பு எனக்கு வந்தது. அவர் வீட்டில் இன்சுலின் இருந்ததாம். கோபம் நியாயமானது, ஆனால் மெக்கானிக்கை அனுப்பும் அதிகாரம் என்னிடம் இல்லை, உதிரிபாகம் எப்போது வரும் என்பதும் திரையில் இல்லை. என்னிடம் இருந்தது 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற வாசகம் மட்டும். அதை மூன்றாவது முறை சொன்னபோது அவர் என் அம்மாவை இழுத்துப் பேசத் தொடங்கினார். மூன்று முறை எச்சரித்த பிறகுதான் அழைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி, அதற்கும் டீம் லீடர் கை அசைக்க வேண்டும், அவரோ மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று கேட்ட இன்னொரு வாடிக்கையாளரின் அழைப்பில் இருந்தார். பதினேழு நிமிடம். வைத்த பிறகு புகார் வகையைத் தேர்ந்தெடுக்கப் பத்து விநாடி, உடனே அடுத்த பீப். கண்ணைத் துடைத்துக்கொண்டு 'வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்' என்றேன். மாலையில் அந்தப் பதினேழு நிமிடத்துக்காக ஏ.எச்.டி. மீறல் என்று எனக்கு மின்னஞ்சல் வந்தது. மறுநாள் குரல் தரத்தில், இரண்டாவது அழைப்பில் 'உற்சாகம் குறைவு' என்று இரண்டு மதிப்பெண் கழித்திருந்தார்கள்.

இதனால்கூட நான் நிற்கவில்லை. குரூப் 4 தேர்வுக்கு ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. நாற்பது நாள் முன்னதாகவே விடுப்பு கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ரோஸ்டர் சனிக்கிழமை இரவுதான் வரும். அந்த வாரமும் அப்படித்தான் வந்தது, ஞாயிறு காலை ஷிஃப்ட் என் பெயரில். தேர்வு எழுதப் போனேன், திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் ஏதோ ஒரு தேர்வுக்குப் படிக்கிறவர்கள், அல்லது அரியர் வைத்திருப்பவர்கள், அல்லது தொலைநிலையில் பட்டம் முடிப்பவர்கள். இந்த வேலை எங்களுக்குப் பாலம் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பாலத்தின் மேல் இரண்டு வருடம் நிற்கத் தயாராகத்தான் வந்தோம்.

பதில் 3: கோவை_டீம்லீடர்

மேலே எழுதிய தங்கைக்கு நேர்ந்தது தவறு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாவற்றையும் மேலாளர் தலையில் சுமத்துவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. சரவணம்பட்டியில் 15 பேர் கொண்ட அணியை நடத்துகிறேன். எவ்வளவு ஏ.எச்.டி., எத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு துண்டிக்கலாம், எத்தனை ஆளுக்குப் பணம் தருவோம் என்பதெல்லாம் கிளையன்ட் போடும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. மாத இலக்கு தவறினால் கிளையன்ட் தரும் தொகையில் கழிப்பார்கள். அந்தக் கழிவைப் பார்க்கும் மேலிடம் மேலாளரைப் பிடிக்கிறது, மேலாளர் என்னைப் பிடிக்கிறார், நான் யாரைப் பிடிப்பேன் என்பது தெரிந்ததுதான்.

இளையவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பிரச்சினை இருக்கிறது என்று நேரில் வந்து சொல்லமாட்டேன் என்கிறார்கள். தளத்தில் அண்ணா, அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள், போகும்போது மட்டும் அந்த அண்ணனிடம் சொல்வதில்லை. ஒரு வருடம் முன்புவரை இதை நன்றிகெட்டதனம் என்றே நினைத்திருந்தேன். பிறகு யோசித்தேன்: நான் அவர்களிடம் போய் உட்காருவது எப்போது? மதிப்பெண் குறைந்தால் மட்டும். நான் நாற்காலியை இழுத்தாலே அவர்கள் முகம் மாறிவிடும். அப்படிப்பட்டவனிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

இப்போது மாதத்தில் நான்கு அழைப்புகளை ஒவ்வொருவரோடும் சேர்ந்து கேட்கிறேன். இரண்டு நான் தேர்ந்தெடுப்பது, இரண்டு அவர்கள் தேர்ந்தெடுப்பது. நன்றாகப் பேசியவற்றைக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். கொண்டுவருவது பெரும்பாலும் மோசமாகப் போன அழைப்புகளைத்தான். 'இதில் நான் வேறு என்ன சொல்லியிருக்கலாம்?' என்று கேட்கிறார்கள். பல சமயம் என்னிடமும் பதில் இருப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் மேடத்துக்கு இன்னொன்று. நாம் 2006-இல் எடுத்த அழைப்புகள் வேறு, இவர்கள் எடுக்கும் அழைப்புகள் வேறு. அன்று பாதி அழைப்புகள் முகவரி மாற்றம், சர்வீஸ் சென்டர் எங்கே, உத்தரவாதம் எத்தனை மாதம் என்ற வகை. முப்பது விநாடியில் முடியும், வாடிக்கையாளர் நன்றி சொல்லி வைப்பார், நமக்கும் மனம் லேசாகும். இன்று அவற்றையெல்லாம் செயலியும் தானியங்கிக் குரலும் முடித்துவிடுகின்றன. அவை முடிக்க முடியாததும், ஏற்கெனவே மூன்று முறை எண்களை அழுத்தி வெறுத்துப்போனவருமே மனிதரிடம் வருகிறார்கள். நாள் முழுவதும் இனிப்பு எதுவும் இல்லாமல் கசப்பை மட்டும் பரிமாறுகிற பந்தி இது. நம் நான்கு வருடத்தையும் இவர்கள் நான்கு மாதத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

பதில் 4: பணியாளர்_பிரிவு

சட்டம் சார்ந்த இரண்டு செய்திகள் மட்டும். ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதிய பாக்கியைத் தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. சான்றிதழின் அசலைப் பிடித்துவைப்பது எங்கள் துறையின் பழைய கெட்ட பழக்கம். சரிபார்த்து அன்றே திருப்பித் தருவதுதான் முறை. போகிறவரை மரியாதையாக அனுப்பும் இடத்துக்குத்தான் அவருடைய தம்பியும் தோழியும் வேலை கேட்டு வருவார்கள். ரயில் பெட்டியில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது எந்த விளம்பரத்தையும்விட வேகமாகப் போகிறது.

இரண்டாவது, சம்பளம் பற்றியது. மூத்த ஏஜென்ட்டுகளுக்கு உயர்வு கொடுக்கும்போது 21,000 ரூபாய் என்ற கோட்டை நினைவில் வையுங்கள். அதைத் தாண்டினால், அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) நின்றுவிடும். எங்களிடம் ஒரு பெண் 800 ரூபாய் உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய அம்மாவுக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு காரணம் இருக்கும் என்று எங்கள் பிரிவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிளையன்ட் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று கோவை நண்பர் சொல்வதில் பாதிதான் உண்மை. வசைபாடும் வாடிக்கையாளரை என்ன செய்வது என்பது உலகமெங்கும் பேசப்படுகிறது. 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று சொல்லிப் பழகிய ஜப்பானிலேயே, வாடிக்கையாளர் துன்புறுத்தலைத் தடுப்பதற்கென டோக்கியோ பெருநகர நிர்வாகம் 2025 ஏப்ரல் முதல் தனி விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. தண்டனை எதுவும் அதில் இல்லை. ஆனாலும் தடை என்று எழுத்தில் வந்துவிட்டது. ஒரே எச்சரிக்கை, பிறகு துண்டிப்பு, அதன்பின் பத்து நிமிடம் வரிசைக்கு வெளியே ஓய்வு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கிளையன்ட் முன் வையுங்கள். கேட்காமலேயே மறுப்பார்கள் என்று முடிவுசெய்து நாம் விட்டுவிட்டவை நிறைய.

அம்பத்தூர்_மேலாளர் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஒரு வாரம் தாமதித்ததற்குக் காரணம் இருக்கிறது.

ரோஸ்டர்_கணக்கன் சொன்னபடி தேதிகளை எழுதிப் பார்த்தேன். நின்ற 15 பேரில் ஆறு பேர் கன்னட வரிசை. அந்த ஆறில் நான்கு பேர் மே மாதத்தின் ஒரே பன்னிரண்டு நாள்களுக்குள் நின்றிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு ஒதுக்கியது 14 இருக்கை, அந்த நாள்களில் உட்கார்ந்தவர்கள் பதினொன்று, சில ஷிஃப்ட்டில் பத்து. அதே பன்னிரண்டு நாளில் இரண்டு வீக் ஆஃபை ரத்து செய்த மின்னஞ்சலில் என் கையெழுத்து இருக்கிறது.

பிறகு புதன்கிழமை அரை நாள் நானே ஹெட்செட் மாட்டித் தமிழ் வரிசையில் உட்கார்ந்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு. இடைவெளியைக் கடிகாரம் வைத்துக் குறித்தேன்: பெரும்பாலும் இருபது முதல் முப்பது விநாடி. நான்காவது அழைப்பில் ஒருவர் என்னை 'ஏம்மா, உனக்கு மூளை இருக்கா?' என்று கேட்டார், அதன் பிறகு வந்தவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. என்னிடம் தரப் பிரிவு மதிப்பெண் கழிக்கவில்லை, மேலாளர் என்பதால் இருக்கலாம்.

ஹெட்செட்_இறக்கியவள், நீ எழுதியதை டீம் லீடர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். என் கையில் இருப்பதை மட்டும் செய்திருக்கிறேன். இனி ரோஸ்டர் பதினான்கு நாள் முன்னதாக வரும். தேர்வு நுழைவுச் சீட்டைக் காட்டினால் அன்றைய விடுப்பை யாரும் மறுக்கக் கூடாது. ஷிஃப்ட்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள டீம் லீடர் அனுமதி தேவையில்லை, எழுதிப் போட்டால் போதும். முதல் வாரத்திலேயே ஒன்பது மாற்றங்கள் நடந்தன, ஓர் இருக்கைகூடக் காலியாகவில்லை. அலமாரியில் எட்டு அசல் சான்றிதழ்கள் இருந்தன, திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அவற்றில் மூன்று, எப்போதோ நின்றவர்களுடையவை.

வசை அழைப்பு விஷயத்தில் கிளையன்ட் முதலில் முடியாது என்றார்கள், பிறகு நேரில் பேசலாம் என்றார்கள். கன்னட வரிசைக்கு 14 இருக்கையையும் கோடை முழுக்க நிரப்பி வைக்கக் கூடுதல் பணம் கேட்கப் போவதும் அதே கூட்டத்தில்தான். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம். கணக்கை ஒரே தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்கிறேன். பதினோரு பேர் உட்கார்ந்த வரியைத்தான் முதலில் காட்டுவதாக இருக்கிறேன். அதற்குள் யாரிடமாவது இப்படிக் கேட்டு வாங்கிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள், அவர்கள் எங்கே பிடிவாதம் பிடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.